குளம்பிலைத் தூண்

ஸ்கெல்பரோ சந்தைக்கு எதிரே அந்தக் கட்டடம் எழும்பத் தொடங்கியபோது அது என்ன கட்டடம் என்று யாருக்கும் பிடிபடவில்லை. கீரை வாங்க வந்தவர்கள், ஆலைச் சங்கு ஊதுவதற்குள் ஓடுகிறவர்கள், வேலை இல்லாமல் வேலியில் சாய்ந்து நிற்கிறவர்கள் என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள்.

"கோயில்தான் கட்டறாங்க. ஜன்னலைப் பாரு, கூம்பா இருக்கு."

"கோயிலுக்கு எதுக்குடா கண்ணாடிக் கூரை? இது ரயிலடி. இரும்புத் தூணைப் பாத்தாலே தெரியல?"

"என்ன எழவோ. சுவத்துல சிவப்பு வரி, வெள்ளை வரி. என் மாமியாரோட காலுறை மாதிரி இருக்கு."

மூன்று பேர் சொன்னதும் ஒருவகையில் சரிதான். அது அருங்காட்சியகம். பாறைக்குள் கிடைத்த பழைய எலும்பு, சிப்பி, அடைத்த பறவை, ஊசி குத்திய வண்டு எல்லாவற்றையும் ஊர் ஜனங்கள் பார்ப்பதற்காக நகரசபை கட்டிக்கொண்டிருந்தது. அதன் தூண்களுக்குத் தினமும் காலையில் செடி கொண்டுவந்து கொடுத்தவள் டாமரிஸ் ஓக்டன். ஐம்பதைத் தாண்டியவள். சந்தையின் வடக்கு மூலையில் ஓடைக்கீரையும் சட்டைப்பொத்தானில் செருகும் பூச்செண்டும் விற்கிறவள்.

தூணுக்கு எதற்குச் செடி? டாமரிஸும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

ஒரு நாள் காலை, தலைமயிரெல்லாம் கல்தூசி படிந்த ஓர் ஆள் அவள் கூடை முன்னால் குந்தினான். கீரைக்கட்டு ஒன்றை எடுத்து, திருப்பி, வேரோடு இருக்கிற கட்டு வேண்டும் என்றான்.

"வேரைத் திங்க மாட்டாங்க தம்பி."

"நான் திங்கப் போறதில்லம்மா. பாக்கப் போறேன்."

"பாக்கறதுக்கும் அதே விலைதான்."

அவன் சிரித்துவிட்டான். அவன் பெயர் மாலக்கி ப்ரெனன். அயர்லாந்தில் கில்கெனியில் இருந்து தம்பிகளோடும் உளிகளோடும் வந்த கல்செதுக்குகிறவன். அன்று மதியம் டாமரிஸை வேலிக்குள் கூட்டிப்போய்க் காட்டினான். தூண்கள் நின்றன. மேலே வளைவுகளும் ஏறிவிட்டன. ஆனால் ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு மொட்டைக்கல் அப்படியே இருந்தது. முதலில் கல்லை ஏற்றிவிட்டு, பிறகு சாரத்தில் நின்று அங்கேயே செதுக்குவதுதான் அவர்கள் முறை.

"அந்தத் தலையில எல்லாம் இலை வரணும்," என்றான் மாலக்கி. "இந்தக் கட்டடத்துக்குப் படம் வரைஞ்ச எங்க துரை ஒரு சட்டம் போட்டிருக்கார். புத்தகத்தைப் பாத்துச் செதுக்கக் கூடாது. உயிரோட இருக்கிற செடியைப் பாத்துத்தான் செதுக்கணும். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி கோயில் கட்டினவங்க, சுவரோரம் மொளைச்ச இலையைப் பாத்துச் செதுக்கினாங்களாம். அதனாலதான் அதுல இன்னமும் உசிரு இருக்குதாம்."

"உனக்குச் செடி தெரியுமா?"

"மூணு தெரியும். திராட்சை, ஓக், ஐவி. கோயில் கோயிலா அதையேதான் வெட்டியிருக்கேன். தூக்கத்துலகூட வெட்டுவேன். அதுதான் வம்பே."

இப்படித்தான் டாமரிஸுக்கு அந்த வேலை வந்தது. எந்தச் செடி வேண்டும் என்று சனிக்கிழமை டாக்டர் லின்ஃபுட் வந்து சொல்வார். அவர் ஊர் வைத்தியர். அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிற எலும்பும் சிப்பியும் பாதிக்கு மேல் அவர் பொறுக்கியவை. திங்கள் முதல் டாமரிஸ் விடியும்போதே ஓடைக்கரைக்குப் போய், செடியை வேர்மண்ணோடு பெயர்த்து, ஈரப்பாசியில் சுற்றி, மூடிபோட்ட தகர டப்பாவில் வைத்துக் கொண்டுவருவாள். மாலக்கி அதைச் சாரப்பலகையில் தண்ணீர்க் குவளைக்குள் நிறுத்திவைத்துக்கொண்டு கொட்டாப்புளியால் உளியைத் தட்ட ஆரம்பிப்பான். மதியத்துக்குள் இலை தொங்கிவிடும். மறுநாள் புதுச்செடி.

டாமரிஸ் ஓடைக்கரையிலேயே பிறந்தவள். அப்பனும் கீரைதான் விற்றார். புருஷன் ஏமஸ் சாயப்பட்டறையில் வேலை பார்த்து, கை இரண்டும் நீலமாகவே இருந்து, மார்புச் சளியில் போய்ச் சேர்ந்தான். பிறகு அவளுக்கு இருந்தது கூடையும் ஞாயிற்றுக்கிழமை புராட்டஸ்டன்ட் பிரார்த்தனைக்கூடமும்தான். குறை சொல்லும் பழக்கம் கிடையாது. மழை பெய்தால் கீரைக்கு நல்லது என்பாள். வெயிலடித்தால் முட்டிக்கு நல்லது என்பாள். இரண்டும் இல்லாத நாளில், "கடைக்கு வந்தோமே, அது போதாதா?" என்பாள்.

பக்கத்தில் இருமல் மிட்டாய்த் தட்டு வைத்திருந்த பெக் ஆக்ராய்டுக்கு இந்தப் பேச்சே ஆகாது.

"ஏண்டி, தினம் காலையில அயர்லாந்துக்காரனுக்குப் பூ கொண்டு போறியே, உன் பாதிரியார் ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டாரு. உனக்கும் ஒரு ஆளைப் பாத்துக் கொடுக்கச் சொன்னாரு."

"கத்தோலிக்கனா இருந்தாலும் பரவால்லையாமா?"

"உன் வயசுக்கு எவனா இருந்தாலும் பரவால்லைன்னுட்டாரு."

டாமரிஸ் ஒரு நாள் சாரத்தடியில் ரொட்டி தின்றுகொண்டே கேட்டாள்: "இந்தக் கட்டடம் எந்த ஊரு மாதிரி, மாலக்கி? சந்தையில தினமும் சண்டை நடக்குது."

மாலக்கி விரலை நீட்டி நீட்டிச் சொன்னான். "இந்த வரிபோட்ட வளைவு வெனிஸ் பட்டணத்துது. எங்க துரை அங்க போய்ப் படகுல உக்காந்து வரைஞ்சுக்கிட்டு வந்தார். கூம்பு ஜன்னல் பிரான்சுக் கோயில்காரன் கொடுத்தது. அவனுக்கு அரபு தேசத்துக்காரன் கொடுத்தான்னு ஒரு பேச்சு. அவங்க அவங்க அடிச்சுக்கட்டும். தரையில இருக்கிற பூ ஓடு, இடிஞ்சு போன மடத்துல தோண்டி எடுத்த ஓட்டைப் பாத்து ஸ்டாஃபோர்டு பக்கம் சூளையில சுட்டது. கண்ணாடிக் கூரை ரயில்வேக்காரன் புண்ணியம். மத்தக் கூரை மேல இருக்கிற பலகைக்கல் வேல்ஸ்ல இருந்து அதே ரயில்ல வந்தது. தூணுக்குத் தூணு கல் வேற, மலை வேற."

"அப்ப நம்ம ஊருன்னு சொல்லிக்க என்னதான் இருக்கு?"

"உங்க கூடை இருக்கே, ஓக்டன் அம்மா."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அந்தப் பேச்சு அவளோடு வீடுவரை வந்தது. வாழ்நாளில் யாரும் அவள் கூடையை வெனிஸ் பட்டணத்தோடு சேர்த்து எண்ணியதில்லை. அன்று இரவு ஜெபத்தில் கில்கெனிக்காரனுக்கும் ஒரு வரி சேர்ந்தது. கத்தோலிக்கனுக்காக ஜெபிப்பது முறையா என்று அவள் பாதிரியாரைக் கேட்கவில்லை. கேட்டால்தானே தப்பு.

எல்லோருக்கும் அந்த இலைகள் பிடிக்கவில்லை. நகரசபையில் இனோக் பாட்டர்ஸ்பி என்று ஒருவர் இருந்தார். இருமல் மிட்டாய் செய்து பெரிய ஆள் ஆனவர். பெக்கின் தட்டில் இருந்தது அவர் மிட்டாய்தான். வங்கியைப் பார், நீதிமன்றத்தைப் பார், தூண் என்றால் கிரேக்கத் தூண் என்பது அவர் கட்சி. "இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கிரேக்கன் தூணுக்கு இலை கண்டுபிடிச்சு வெச்சிட்டான். முள்ளி இலை. உலகமே அதைத்தான் வெக்குது. எங்க ஊர் மட்டும் சாக்கடைச் செடியை வெக்கணுமா? அதுவும் ஒரு இலைக்கு ஒரு மாசம்?" என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டார். நீராவிப் பட்டறையில் கொடுத்தால் முள்ளி இலை வரிசையாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். அயர்லாந்துக்காரர்களை ஊருக்கு அனுப்பிவிடலாம். மே மாதக் கடைசியில் இதை ஓட்டுக்கு விடுவது என்று முடிவானது. இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். பாட்டர்ஸ்பியின் ஓட்டு எங்கே சாய்கிறதோ அங்கே இன்னும் நாலைந்து ஓட்டும் சாயும்.

டாக்டர் லின்ஃபுட் ஒரு தந்திரம் செய்தார். பாட்டர்ஸ்பியின் மிட்டாய் குளம்பிலைச் சாற்றில் செய்வது. குதிரைக் குளம்பு போல இலை இருக்கும், மஞ்சள் பூப் பூக்கும், பாழ்நிலத்தில் முளைக்கிற செடி. அந்தச் செடியையே வாசலுக்கு அடுத்த தூணில் வைத்துவிட்டால் மனிதர் குளிர்ந்துவிட மாட்டாரா? மே மாதத் தொடக்கத்தில் டாக்டர் டாமரிஸிடம் வந்தார்.

"குளம்பிலை வேணும் ஓக்டன் அம்மா. இலையும் பூவும் சேர்ந்தாப்பல. ரெண்டும் கட்டாயம்." யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. தந்திரம் வெளியே போகக் கூடாதே.

இங்கேதான் வினை. குளம்பிலைக்கு அந்தப் பக்கத்தில் இன்னொரு பெயர் உண்டு: அப்பனுக்கு முந்திப் பிறந்த பிள்ளை. பூ மார்ச் மாதம் மொட்டைத் தண்டில் வரும். அது பூத்து, நரைத்து, காற்றில் பறந்த பிறகுதான் இலை விரியும். பூ இருக்கும்போது இலை இல்லை, இலை இருக்கும்போது பூ இல்லை. டாக்டருக்குச் சிப்பி தெரிந்த அளவு செடி தெரியாது. அவர் பார்த்ததெல்லாம் காகிதத்தில் ஒட்டி உலர்த்திய செடி. ஒட்டியவர் மார்ச்சில் பூவையும் ஜூனில் இலையையும் பறித்து ஒரே தாளில் அழகாகப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருந்தார்.

டாமரிஸுக்கு இது தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்கெல்பரோ சந்தையில் பூ விற்கிற பெண்கள் வாங்க வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்வதில்லை. சொன்னால் அந்த ஆள் அடுத்த கூடைக்குப் போவார், பிறகு திரும்பமாட்டார். வயலெட் கேட்டு வந்தவருக்கு இலை மட்டும் இருந்தால், வேறொரு நீலப்பூவை அந்த இலைக்காம்பில் மெல்லிய கம்பியால் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பஞ்சாலையில் பஞ்சைச் சீவும் கம்பிப்பட்டைகளில் இருந்து உதிர்கிற கம்பி அதற்கென்றே சந்தையில் கிடைக்கும். கட்டுகிறவளுக்கும் தெரியும், பெரும்பாலும் வாங்குகிறவருக்கும் தெரியும். மாலைவரை சட்டையில் இருந்தால் போதும். அதை யாரும் பொய் என்று நினைத்ததில்லை.

டாமரிஸ் ஓடைக்கரையில் நல்ல குளம்பிலையாகப் பெயர்த்தாள். வேலியோரம் குளம்பிலைப் பூவின் சாயலில் டேன்டிலியன் என்ற காட்டுப்பூ மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. தலைகளைக் கிள்ளிக் கம்பியால் கட்டினாள். அழகாகத்தான் இருந்தது.

மாலக்கி அதைப் பார்த்து விசில் அடித்தான். "இப்படி ஒரு செடிக்காகத்தான் காத்திருந்தேன். இலையைப் பாருங்க, கேடயம் மாதிரி. பூவைப் பாருங்க, சூரியன் மாதிரி." தினமும் அவள் கட்டிக் கொண்டுவந்தாள். தினமும் அவன் செதுக்கினான். தூணின் நான்கு பக்கமும் இலை கவிழ்ந்தது. ஐந்து பூ முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு இதழும் காகிதம்போல மெல்லிசு. வேலியில் சாய்ந்து நிற்கிறவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

ஒரு புதன்கிழமை காலை. டாமரிஸ் தூணுக்குக் கடைசிச் செடியையும் கொடுத்துவிட்டுச் சந்தையில் உட்கார்ந்திருந்தாள். பெக் புதிதாக வந்த மிட்டாய் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு எங்க முதலாளி உன் அயர்லாந்துக்காரன் தூணைப் பாக்க வர்றாராம். கூட்டமே வருதாம். அவர் செடியைத்தான் அதுல வெச்சிருக்காங்களாமே? வைத்தியரு வீட்டுச் சமையக்காரி சொன்னா. வெள்ளிக்கிழமை ஓட்டு."

டாமரிஸின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. "அவர் செடியா?"

"குளம்பிலைடி. சின்ன வயசுல அவரும் அவங்க அம்மாவும் கோணியைத் தூக்கிக்கிட்டு ஊரெல்லாம் பொறுக்கினது. இந்தா, மூடியிலயே போட்டிருக்கே." மூடியில் மொட்டைத் தண்டில் ஒரு மஞ்சள் பூ. பக்கத்தில் ஒரு இலைகூட இல்லை. "படம் போட வந்த ஆள் அழகுக்கு ரெண்டு இலை சேர்த்தானாம். முதலாளி அவனைப் படியில இறங்கவே விடல. ஜன்னல் வழியா எறிஞ்சாருன்னு கேள்வி. ஏண்டி, முகம் ஏன் இப்படிப் போகுது?"

டாமரிஸ் சொன்னாள். பெக்குக்குப் புரிய ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது: கம்பி.

"அட பாவி. கல்லுல போயாடி கம்பி கட்டினே?"

"கல்லுல நான் கட்டல. நான் பூவுலதான் கட்டினேன்."

"போய் இதை முதலாளிகிட்ட சொல்லு பாப்போம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "பேசாம இரு. நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியும்? தெரிஞ்சாலும் வெட்டினவன் தலைதானே உருளும்?" என்றாள்.

அந்தக் கடைசி வார்த்தைதான் டாமரிஸை எழுப்பியது. கூடையைப் பெக்கிடம் விட்டுவிட்டு நடந்தாள். தெருவைக் கடப்பதற்குள் எல்லாமே கண்ணில் தெரிந்தது. பாட்டர்ஸ்பி நிமிர்ந்து பார்ப்பார். 'உயிருள்ள செடியைப் பார்த்துச் செதுக்குகிறவன்' என்று சொன்னீர்களே, உலகத்தில் இல்லாத செடியை எங்கே பார்த்தான் என்று கேட்பார். கூட்டம் சிரிக்கும். வெள்ளிக்கிழமையோடு மாலக்கியும் தம்பிகளும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவனைப் பொய்யன் என்றும் சொல்வார்கள்.

மாலக்கி தூண்தலையில் தூசி தட்டிக்கொண்டிருந்தான். அவள் ஏணியில் பாதிவரை ஏறி நின்று, மூச்சு வாங்க, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவன் இறங்கி வரவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. தூரிகை மட்டும் நின்றுவிட்டது.

"தினமும் கட்டினீங்களா?"

"தினமும்."

"நானும் அந்தக் கம்பியைப் பாத்தேன். வாடாம இருக்கறதுக்குக் கட்டியிருக்கீங்கன்னு நெனச்சேன்." தூரிகையைப் பலகையில் வைத்துவிட்டு, "என் வாழ்க்கையிலேயே நல்ல வேலை இதுதான் ஓக்டன் அம்மா," என்றான். திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மாத்த முடியுமா?"

"கல்லுல எடுக்கத்தான் முடியும், சேக்க முடியாது. இந்தக் கல்லைக் கழட்டவும் முடியாது. மேல பாதிச் சுவரு உக்காந்திருக்கு." அவன் ஒரு பூவை விரலால் தடவினான். "வட்டமா ஒரு சில்லு இருக்கு. இதுக்குள்ள அடங்கற மாதிரி என்ன இருக்கு? மொட்டு?"

"மே மாசத்துல மொட்டும் கிடையாது."

"அப்ப இந்த இலை விரிஞ்சிருக்கும்போது அதுல என்னதான் இருக்கும்?"

டாமரிஸுக்குத் தினமும் காலையில் தான் யாரைத் திட்டுகிறோம் என்பது நினைவுக்கு வந்தது. "நத்தை. சனியன், நல்ல இலையா பாத்து ஏறி உக்காந்திருக்கும். உனக்குக் கொண்டுவர்றதுக்கு முன்னாடி அதைப் பொறுக்கி எறியறதே எனக்குப் பாதி வேலை."

மாலக்கி முதன்முறையாகத் திரும்பினான். பூவைப் பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். "நத்தை ஓட்டுல சுழி எந்தப் பக்கம் போகும்?"

"எனக்கென்ன தெரியும்? அதை எறியத்தான் தெரியும்."

"போய் எறியாம கொண்டுவாங்க."

அவள் ஓடைக்குப் போய் டப்பா நிறைய நத்தை கொண்டுவந்தாள். அவை குவளையைவிட்டு இறங்கிச் சாரப்பலகை முழுக்க ஊர்ந்தன. ஒன்று மாலக்கியின் தம்பியின் தேநீர்க் கோப்பையில் விழுந்து பெரிய ரகளை. மாலக்கி செதுக்கிக்கொண்டே இருந்தான். இதழ் இதழாகச் சூரியன் சுருண்டு ஓடாக மாறியது. மதியத்துக்குள் இரண்டு, மாலைக்குள் நான்கு. டாமரிஸ் சந்தைக்குத் திரும்பவில்லை. ஏணியடியில் உட்கார்ந்து, கையில் ஒரு நத்தையைப் பிடித்து, அது உள்ளே இழுத்துக்கொள்ளும்போதெல்லாம் இலையைக் காட்டி வெளியே வரவழைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது பூ, எல்லாவற்றிலும் மெல்லியது, நீண்ட தண்டின் நுனியில் தனியாக நின்றது. மாலக்கி உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினான். பூ மொத்தமாக ஒடிந்து கீழே விழுந்து, டாமரிஸின் காலடியில் மூன்று துண்டானது. மேலே வெறும் தண்டு மட்டும் நின்றது.

"முடிஞ்சுது," என்றான் மாலக்கி. இறங்கி வந்து படியில் உட்கார்ந்தான். டாமரிஸ் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டு அவனுக்குக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டான். அந்த நிமிஷத்துக்காகவும் அவள் பிற்காலத்தில் கடவுளுக்கு நன்றி சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் காலை நகரசபைக்காரர்கள் உயரமான தொப்பிகளோடு வந்தார்கள். பின்னாலேயே பாதிச் சந்தை வந்தது. பெக் தன் மிட்டாய்த் தட்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்திருந்தாள், கூட்டத்தில் நாலு டப்பா போனால் நல்லதுதானே என்று. டாக்டர் லின்ஃபுட் முகமெல்லாம் மலர்ந்து முன்னால் நடந்தார். தூணை நிமிர்ந்து பார்த்தவர் முகம் வாடிவிட்டது.

"ப்ரெனன், பூ எங்கே? பூவும் வேணும்னு சொன்னேனே."

மாலக்கி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கனத்த குரல் வந்தது. "பூவா? மே மாசத்துலயா?" பாட்டர்ஸ்பி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குட்டையான மனிதர், தொப்பி மட்டும் பெரியது. "டாக்டர், நீங்க எலும்போட இருங்க. குளம்பிலையில இலை வந்தப்புறம் பூ தேடினா, கல்யாணம் முடிஞ்சு பந்தல் பிரிச்சப்புறம் மாப்பிள்ளையைத் தேடற மாதிரி." சந்தை சிரித்தது. டாக்டரும் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தார்.

பாட்டர்ஸ்பி கழுத்தை வளைத்து, தூணைச் சுற்றி வந்தார். நத்தைகளைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார். பிறகு அந்த மொட்டைத் தண்டின் முன்னால் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். டாமரிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதை யார் வெச்சது?"

"நான்தாங்க ஐயா," என்றான் மாலக்கி.

"விதை பறந்து போன தண்டு," என்றார் பாட்டர்ஸ்பி. டாக்டருக்குச் சொல்வதுபோல ஆரம்பித்தார். ஆனால் யாருக்கும் சொல்லவில்லை. "எல்லாம் பறந்துடும். தண்டு மட்டும் மொட்டையா நிக்கும். எங்கம்மா இதை வெச்சுத்தான் அடையாளம் கண்டுபிடிப்பாங்க. தண்டு நிக்கற இடத்துல இலை நல்லா இருக்கும்டா இனோக், அங்கே பறின்னு சொல்லுவாங்க. படம் போடறவன் எவனும் இதைப் போட்டதில்ல." தொப்பியைக் கழற்றி மறுபடி வைத்துக்கொண்டார். "நத்தை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

"ஓடையில இன்னும் ஜாஸ்திங்க ஐயா," என்றாள் டாமரிஸ். சொன்ன பிறகுதான் தான் பேசிவிட்டது தெரிந்தது.

"நீதான் செடி கொண்டுவர்றவளா? நல்லது. கேளு. அடுத்த தூணு எங்கம்மா பேருக்கு. அவங்களுக்குப் பனித்துளிப்பூன்னா உசிரு. ஆகஸ்ட் மாசம் திறப்பு விழா. அதுக்குள்ள பூவும் இலையுமா அந்தத் தூணு தயாரா இருக்கணும். அதைச் செஞ்சு கொடுங்க. முள்ளி இலையை நான் மறந்துடறேன்."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. டாக்டர் கையைப் பிசைந்துகொண்டு தலையாட்டினார். மாலக்கியின் தம்பிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை ஓட்டு அங்கேயே விழுந்துவிட்டது. டாமரிஸ் 'சரிங்க ஐயா' என்று சொல்லவேண்டியதுதான் பாக்கி. பனித்துளிப்பூ பிப்ரவரியில் பனிக்குள் பூப்பது. ஜூனில் இலைகூட மண்ணுக்குள் போய்விடும். வெள்ளையாக ஏதாவது ஒன்றைத் தேடி, பூண்டு இலையில் கட்டினால் யார் கண்டது? முப்பது வருஷம் அவள் செய்தது அதுதானே. பெக்கின் முகம் கூட்டத்துக்கு மேலே எட்டி, சொல்லுடி சொல்லு என்று தலையாட்டியது.

டாமரிஸ் மாலக்கியைப் பார்த்தாள். அவன் ஒன்றும் சைகை செய்யவில்லை. அவள் என்ன கொண்டுவருவாளோ அதைச் செதுக்கத் தயாராக, கையைத் தொங்கவிட்டு நின்றான். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"இல்லீங்க ஐயா," என்றாள்.

"என்ன இல்லை?"

"ஆகஸ்ட்டுல கிடைக்காதுங்க. பிப்ரவரி வரைக்கும் காத்திருக்கணும்."

"அப்ப திறப்பு விழா அன்னிக்கு எங்கம்மா தூணு மொட்டையா நிக்கணுமா?"

"நிக்கட்டுங்க ஐயா. உங்கம்மாவுக்குத் தெரியுமே, எப்ப பூக்கும்னு."

பாட்டர்ஸ்பியின் கழுத்து சிவந்தது. "கிரேக்கன் இலை பன்னெண்டு மாசமும் கிடைக்குது, தெரியுமா?"

"அதுக்குச் செடிக்காரி வேண்டாமே ஐயா. எனக்கு வேலை போயிடும்."

முதலில் சிரித்தது பெக். அப்புறம் சந்தை முழுவதும். பாட்டர்ஸ்பி சிரிக்கவில்லை. டாமரிஸை ஏற இறங்கப் பார்த்தார். சின்ன வயதில் கோணியோடு அலைந்தவரின் பார்வை அது, சரக்கை எடைபோடுகிற பார்வை.

"நாப்பது வருஷமா இந்தச் சந்தையில வியாபாரம் பண்றேன்," என்றார். "ஸ்கெல்பரோவில ஒரு கூடைக்காரி 'இல்லை'ன்னு சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்." டாக்டர் பக்கம் திரும்பினார். "பிப்ரவரிதான். அதுவரைக்கும் இவங்களை வேற தூணுல வெச்சு வேலை வாங்குங்க. எந்தச் செடி எப்பவோ, இவகிட்டயே கேட்டுக்குங்க. உங்க காகிதத்துச் செடியை நம்பாதீங்க."

ஓட்டு அப்படியே போனது. பிறகு சனிக்கிழமைகளில் டாக்டர் வந்து ஒரு செடியைக் கேட்பார், டாமரிஸ் "இல்லை, செப்டம்பர்ல வாங்க" என்பாள். இன்னொன்றைக் கேட்பார், "அது போச்சு, அடுத்த வருஷம்" என்பாள். ஒவ்வொரு செடியும் தன் மாதத்துக்காகக் காத்திருக்க, ஒவ்வொரு தூணும் அதற்காகக் காத்திருந்தது. ஓராண்டில் முடிய வேண்டிய வேலை மூன்று ஆண்டு போனது. மாலக்கி தம்பிகளோடு ஊரிலேயே தங்கிவிட்டான். நகரசபையில் சிலர் முணுமுணுத்தார்கள். பாட்டர்ஸ்பியே அவர்களை அடக்கினார்.

அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் திறப்பு விழா நடந்தது. அன்று வாசலருகே பாட்டர்ஸ்பியின் அம்மா தூண் மொட்டையாக நின்றது. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெக்தான் கதை சொன்னாள். சொல்லச் சொல்ல அதில் நத்தைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனது.

பிப்ரவரியில், ஓடை ஓரமெல்லாம் உறைந்து கிடந்த ஒரு காலையில், டாமரிஸ் தகர டப்பாவோடு வந்தாள். விரல் விறைத்து மூடியைத் திறக்க வரவில்லை. மாலக்கி திறந்தான். பாசிக்கு நடுவே தலைகுனிந்து நாலு வெள்ளைப்பூ, அடியில் நாலைந்து ஒல்லி இலை, வேரில் இன்னும் பனிக்கட்டி. அவன் ரொம்ப நேரம் பார்த்தான். காம்பின் அடிவரைக்கும் பார்த்தான். கம்பி இல்லை.

"என்னடா தேடறே?" என்றாள் டாமரிஸ்.

"ஒண்ணும் இல்லை அம்மா," என்றான். "பாத்துக்கிட்டிருக்கேன்."

குவளையில் தண்ணீர் ஊற்றி, பூவை நிறுத்தி, சாரத்தில் ஏறினான். டாமரிஸ் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு, முதல் தட்டு கேட்கும்வரை கீழேயே நின்றாள். பிறகு, நல்லவேளை, குளிர் இருக்கிறவரைக்கும் கீரை வாடாது என்று சொல்லிக்கொண்டே சந்தைக்கு நடந்தாள்.